கரடிய அடிச்ச கொடம்

எங்க சொந்தத்துல யாரு கல்யாணத்துக்கு நீங்க வந்திருந்தாலும் அந்தக் கொடத்த பாத்திருப்பீங்க. வாசல்ல வாழையிலை போட்டு நெல்லு பரப்பி அதுக்கு மேல நெறகொடமா வச்சிருப்பாங்க, மாவிலை சொருகி மஞ்ச பூசுன தேங்கா வச்சு பாக்க ஜோரா இருக்கும், ஆனா எப்பவும் ஒரு பக்கத்த சுவர பாத்த மாதிரி திருப்பித்தான் வைப்பாங்க. ஏன்னா அந்தப் பக்கம் ஒரு ஒடுக்கு இருக்கு. உள்ளங்கை அகலத்துக்கு உள்ள போயிருக்கும். பித்தளைக் கொடம், நல்ல கனம், இப்ப கடையில விக்கிற தகடு மாதிரி இல்ல, தண்ணி இல்லாமயே தூக்க ஒரு தெம்பு வேணும். கழுத்துக்குக் கீழ புள்ளி புள்ளியா உளியால வெட்டுன எழுத்து, "வெ.அ. துறையூர்"னு. அவ்ளோதான்.

அந்த ஒடுக்குக்கு எங்க பெரியப்பாகிட்ட ஒரு கதை இருக்கு. எங்க பூட்டி, அதாவது தாத்தாவோட அம்மா, இந்தியாவுல இருந்து இலங்கையில மன்னாருக்கு தோணியில வந்து எறங்கி, அங்க இருந்து மாத்தளைக்கு காட்டு வழியா கால்நடையா வந்தாங்களாம். இடுப்புல இந்தக் கொடம். கூட்டமா நெறைய பேரு, பாதிப் பேரு வழியிலயே வாந்திபேதியில போயிட்டாங்க. ஒரு ராத்திரி தண்ணி எடுக்க பூட்டி குளத்துக்கு எறங்குனப்ப ஒரு கரடி நேருக்கு நேரா வந்து நின்னுச்சாம், பூட்டி கத்தவும் இல்ல ஓடவும் இல்ல, கொடத்த ரெண்டு கையாலயும் தூக்கி கரடி மூக்குலயே ஓங்கி ஒரு போடு. கரடி ஓடிப் போச்சு, கொடம் நசுங்கிப் போச்சு. பெரியப்பா ரெண்டு கிளாஸ் போட்டிருந்தா கரடி ரெண்டாயிரும். ஒருதடவ பதுளையில ஒரு கல்யாண வீட்ல சிறுத்தை கூட வந்துச்சு, நான் என் காதால கேட்டேன்.

சின்ன வயசுல எனக்கு அந்தக் கதை உசிரு. பள்ளிக்கூடத்துல பேச்சுப் போட்டிக்கு அதைத்தான் சொன்னேன், பரிசும் கெடைச்சுச்சு.

2023ல மலையக மக்கள், அதாவது தோட்ட வேலைக்கு இந்தியாவுல இருந்து இலங்கைக்கு வந்த நம்ம ஆளுங்க, வந்து 200 வருசம்னு எல்லா எடத்துலயும் நிகழ்ச்சி நடந்துச்சுல்ல, தலைமன்னார்ல இருந்து மாத்தளை வரைக்கும் அந்த பழைய பாதையிலயே நடந்தாங்கல்ல, எங்க தங்கச்சி கடைசி நாள் மாத்தளைக்குப் போயி அவங்களோட சேந்து நடந்துட்டு வந்தா. வந்ததுல இருந்து ஒரே துடிப்பு, நம்ம வீட்டுக் கதையையும் ஒழுங்கா எழுதி வைக்கணும், பூட்டி எந்த வருசம் வந்தாங்க, எந்த ஊரு, ஆள் சேத்துக் கூட்டிட்டு வந்த கங்காணி யாரு, எல்லாம் வேணும்னு. பெரியப்பாகிட்ட வருசம் கேட்டா "அந்தக் காலத்துல"ன்னு தான் பதில். சரின்னு தாத்தாவோட தகரப் பொட்டிய எறக்குனோம். பழைய சம்பளத் துண்டு, சங்கத்துக்கு சந்தா கட்டுன ரசீது, மாரியம்மன் கோயில் திருவிழா நோட்டீசு, இத்துப்போன ஒரு கம்பளி. அடியில ஒரு உறைக்குள்ள மடிச்ச பேப்பர். இங்கிலீசுல டைப் அடிச்சது. தாத்தாவோட அப்பா பேர்ல போட்ட பிரஜாவுரிமை விண்ணப்பத்தோட காப்பி, 1951.

இந்த விண்ணப்பத்த பத்தி கொஞ்சம் சொல்லிர்றேன், இப்ப உள்ள புள்ளைங்களுக்கு தெரியாது. 1948ல இலங்கைக்கு சுதந்திரம் கெடைச்ச வருசமே கொண்டு வந்த பிரஜாவுரிமை சட்டத்துல நம்ம ஆளுங்க முக்காவாசிப் பேரு நாடில்லாதவங்க ஆயிட்டாங்க. அடுத்த வருசம் இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம்னு ஒன்னு வந்துச்சு, 1946 ஜனவரிக்கு முன்னாடி தொடர்ச்சியா இங்கயே இருந்தேன்னு நிரூபிக்கணும், கல்யாணம் ஆனவங்க ஏழு வருசம், ஆகாதவங்க பத்து வருசம். லயத்துல, அதான் தோட்டத்து வரிசை வீட்ல, இருக்கிறவன் எதைக் காட்டி நிரூபிப்பான்? பொறப்புப் பத்திரமே ஒழுங்கா இருக்காது, தோட்டத்துச் செக்ரோல்ல (வேலைக்கு வந்த கணக்குப் புத்தகத்துல) பேரு ஒரு மாதிரி இருக்கும், கூப்புடுற பேரு வேற மாதிரி இருக்கும். மொதல்ல விண்ணப்பமே போட வேணாம்னு இலங்கை இந்தியன் காங்கிரஸ் சொல்லிருச்சு, அப்புறம் கெடு முடியிற நேரத்துல போடுங்கன்னு சொல்ல ஒரே அடிபுடி. 1951 ஆகஸ்ட் அஞ்சு தான் கடைசி நாள். எட்டு லட்சத்துக்கு மேல ஆளுங்களுக்கு விண்ணப்பம் போயி, கெடைச்சது ஒன்னரை லட்சத்துக்கும் கொறைவு. எங்க பூட்டனோடதும் தள்ளுபடி.

ஆனா தள்ளுபடியான அந்தப் பேப்பர் தான் எங்களுக்கு இப்ப ஒதவுச்சு. எப்ப வந்த, எப்புடி வந்த, சொந்த ஊர் எதுன்னு அதுல கேட்டிருக்கான். சொந்த ஊர் புதுக்கோட்டை சமஸ்தானம். வந்த வருசம் 1926. வந்த வழி மண்டபம் முகாம், தலைமன்னார்.

1926ல யாரும் காட்டு வழியா நடக்கல. 1914லயே தலைமன்னாருக்கு ரயில் வந்துருச்சு. மண்டபத்துல முகாம்ல வச்சு நோய் நொடி இருக்கான்னு பாத்து, தடுப்பூசி குத்தி, தனுஷ்கோடியில கப்பல் ஏத்தி, தலைமன்னார்ல ரயில் ஏத்தி விட்ருவான். நடந்து வந்தது அதுக்கு ரெண்டு தலைமுறை முன்னாடி, கோப்பிக் காலத்து ஆளுங்க. அவங்க பட்ட பாடு பொய்யே கிடையாது, மன்னார்ல இருந்து மாத்தளை வரைக்கும் அந்தப் பாதை பூரா செத்தவங்க கணக்கு எவன்கிட்டயும் இல்ல. 1869ல கோப்பிக்கு இலை நோய் வந்து அது அழிஞ்சு, தேயிலை வந்த பெறகு தான் வருசம் பூரா ஆள் வேணும்னு குடும்பம் குடும்பமா கொண்டாந்து லயத்துல போட்டான். எங்க பூட்டி வந்தது அதுக்கும் ரொம்பப் பிந்தி, மூணாங்கிளாஸ் பெட்டியில குந்திக்கிட்டு. கரடிய பாத்திருந்தா ஜன்னல் வழியா தான் பாத்திருக்கணும்.

அதோட இன்னொரு விசயம். எங்க ஆளுங்க புதுக்கோட்டை. கொடத்துல துறையூர். எங்க பரம்பரையில வெ.அ. ன்னு ஆரம்பிக்கிற பேரு ஒன்னு கூட இல்ல, தங்கச்சி ஒரு வெள்ளைப் பேப்பர்ல மரம் மாதிரி வரைஞ்சு எல்லார் பேரையும் எழுதிப் பாத்துட்டா. பெரியப்பாகிட்ட கேட்டா "வர்ற வழியில வாங்கியிருப்பாங்க"ங்கிறாரு. புதுக்கோட்டையில இருந்து மண்டபம் தெக்க, துறையூர் திருச்சிக்கும் வடக்க. எந்த வழிங்க அது?

அப்பாயிகிட்ட, அதாவது அப்பாவோட அம்மாகிட்ட, முன்னாடியே கேட்டிருக்கலாம். ஆனா வீட்ல கொடம் பேச்சு வந்தா எப்பவும் பெரியப்பா தான் பேசுவாரு, அப்பாயி எந்திரிச்சு அடுப்படிக்குப் போயிருவாங்க, நாங்களும் அதை ஒரு விசயமா எடுத்துக்கல. இந்தத் தடவ தங்கச்சி பேப்பரை எடுத்துக்கிட்டு நேரா அவங்ககிட்டயே போனா. இஸ்தோப்புல (வாசல் திண்ணையில) குந்தி கீரை ஆஞ்சுக்கிட்டு இருந்தாங்க.

"அப்பாயி, கொடத்துல உள்ள பேரு யாரோடது?"

"எந்தக் கொடம்?"

"கரடிய அடிச்ச கொடம்."

"கரடியாவது மண்ணாவது. ஒங்க தாத்தன் சொன்ன பேச்சு. நான் தான் நசுக்குனேன்."

நாங்க ரெண்டு பேரும் வாயப் பொளந்துட்டோம்.

கீழ் லயத்துல ஒரு குடும்பம் இருந்திருக்கு, துறையூர்காரங்க. நமக்கு சொந்தம் கிடையாது, ஆனா அப்பாயி அந்தம்மாவ மதினின்னு தான் கூப்புடுவாங்க. கொடம் அவங்களோடது, அவங்க மாமியார் ஊர்ல இருந்து வரும்போது கொண்டு வந்தது. அப்ப மேல் லயம் கீழ் லயம் ரெண்டுக்கும் சேத்து ஒரே ஒரு பீலி, மலைத் தண்ணி விழுற குழாய். தை மாசி மாசத்துல மழை இல்லன்னா பீலியில நூலு மாதிரி தான் தண்ணி வரும், ஒரு கொடம் ரொம்ப அரை மணி நேரம் ஆகும், விடியக்காலையில பெரட்டுக்கு (வேலைக்குப் பேர் கூப்புடுறதுக்கு) முன்னாடி தண்ணி எடுத்துரணும், பெரட்டுக்குப் பிந்துனா வேலை இல்லன்னு வெரட்டி விட்ருவான். வரிசையில கொடத்த வச்சிட்டு பொம்பளைங்க குளிர்ல நடுங்கிக்கிட்டு நிப்பாங்க. ஒருநாள் அப்பாயி கொடத்த வரிசையில வச்சிட்டு புள்ள அழுகுதுன்னு வீட்டுக்குப் போயிட்டு வந்திருக்காங்க, வந்து பாத்தா அவங்க கொடம் ஓரமா கெடக்கு, அந்த எடத்துல மதினியோட பித்தளைக் கொடம் தண்ணி புடிச்சிக்கிட்டு இருக்கு. பேச்சு வளந்து, தலைமுடியப் புடிக்கிற அளவுக்குப் போயி, அப்பாயி விட்டாங்களாம் ஒரு ஒதை, கொடத்துக்கு. அது தண்ணியோட உருண்டு போயி கீழ கல்லுல மோதி நின்னுச்சு.

"மொத்த லயமும் வேடிக்கை பாத்துச்சு. அவ கொடத்தக் கட்டிப்புடிச்சிக்கிட்டு மாமியார் வைவாளேன்னு அழுவுறா. எனக்கும் அழுக வந்துருச்சு. ஆனா காட்டிக்கல"ன்னாங்க அப்பாயி.

ரொம்ப நாள் ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்ல. கொழுந்து மலையில பக்கத்து நெறையில நின்னா கூட மூஞ்சத் திருப்பிக்கிறது. அப்புறம் எங்க அப்பா பொறந்தப்ப ராத்திரியில மருத்துவச்சி வர்றதுக்கு முன்னாடி ஓடி வந்து நின்னது அந்த மதினி தான், அதுவும் அந்த நசுங்கின கொடத்துல தான் தண்ணி எடுத்துக்கிட்டு. அதுக்குப் பெறகு ரெண்டு பேரும் ஒரே அடுப்பு மாதிரி ஆயிட்டாங்க.

1964ல இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் நாடில்லாத நம்ம ஆளுங்கள பிரிச்சுக்க ஒப்பந்தம் போட்டாங்க. ஒம்பது லட்சத்து எழுபத்தஞ்சாயிரம் பேரு, அதுல அஞ்சே கால் லட்சம் இந்தியாவுக்கு, மூணு லட்சம் இங்க, மிச்சம் ஒன்னரை லட்சத்த பெறகு பாத்துக்கலாம்னு. அந்த மிச்சத்த 1974ல சிறிமாவும் இந்திராவும் பாதிப் பாதியா பிரிச்சாங்க. சந்தையில கோழி பங்கு போடுறவன் கூட இதவிட யோசிச்சு தான் போடுவான். எங்க தாத்தா இலங்கைப் பிரஜாவுரிமைக்கு எழுதுனாரு, மதினி வீட்டுக்காரரு இந்தியாவுக்கு எழுதுனாரு. ஏன் அப்படின்னு கேட்டா அப்பாயிக்கு பெரிய காரணம் ஒன்னும் சொல்லத் தெரியல. "அவருக்கு அங்க ஒரு அண்ணன் இருந்தாரு, நமக்கு அங்க யாரு இருக்கா." அவ்ளோதான் காரணம். அதுக்குத்தான் ரெண்டு குடும்பம் ரெண்டு நாடு.

எழுபத்தொன்னு வாக்குல அவங்களுக்குப் போற நாள் வந்துச்சு. ஹட்டன்ல கோச்சி (ரயில்) ஏறி தலைமன்னார், அங்க இருந்து கப்பல்ல ராமேஸ்வரம், மண்டபம் முகாம். எங்க பூட்டன் வந்த அதே வழி, தலைகீழா. எடுத்துட்டுப் போறதுக்கு எவ்ளோ தான் தூக்க முடியும், புள்ளைங்க நாலு. கோழியெல்லாம் வித்தாங்க, ஆட்ட வித்தாங்க, அம்மி ஆட்டுக்கல்ல எல்லாம் பக்கத்து வீட்டுக்குக் குடுத்தாங்க. கொடத்த மதினி அப்பாயிகிட்ட கொண்டு வந்து வச்சிட்டு, நீ நசுக்குனது தானே, நீயே பாத்துக்கன்னு சொல்லி சிரிச்சாங்களாம். அப்புறம் ரெண்டு பேரும் அழுதிருக்காங்க. ஸ்டேசன்ல அழுகாத ஆளே இல்லன்னாங்க, போறவனும் அழுகுறான் இருக்கிறவனும் அழுகுறான்.

இங்க தான் சிக்கல். தாத்தா கணக்குல அது குடுத்தது. அப்பாயி கணக்குல பாத்துக்கச் சொன்னது. ஏன்னா போன கொஞ்ச நாள்லயே கோத்தகிரியில இருந்து கடுதாசி வந்துச்சு, தேயிலைத் தோட்டத்துல வேலை குடுத்திருக்காங்க, (தமிழ்நாட்டு அரசாங்கம் இங்க இருந்து போன நம்ம ஆளுங்களுக்காகவே நீலகிரியில தொடங்குன தோட்டம், இப்ப டேன்டீன்னு சொல்றாங்கல்ல அது) இங்கயும் குளிர் தான் இங்கயும் கொழுந்து தான், இங்க நம்மள சிலோன்காரன்னு கூப்புடுறாங்க, கொடம் பத்திரமா இருக்கான்னு. கடைசி வரி தான் முக்கியம்.

பத்திரமா இருந்துச்சு, 1974 வரைக்கும்.

பஞ்ச காலத்த பத்தி எங்க வீட்ல யாரும் பேசி நான் கேட்டதில்ல. அப்பாகிட்ட கேட்டா "மரவள்ளிக் கெழங்கு தின்னோம்"னு சொல்லிட்டு நியூஸ் சத்தத்த கூட்டிருவாரு. அன்னைக்குத்தான் அப்பாயி சொல்லிக் கேட்டேன். அரிசி இல்ல, கோதுமை மா இல்ல, பாணுக்கு (ரொட்டிக்கு) விடிய முன்ன வரிசை. தோட்டத்துல வாரத்துக்கு மூணு நாள் வேலை குடுத்தா பெரிசு. கிராமத்துல இருக்கிறவனுக்கு ஒரு துண்டு காணியாவது இருக்கும் ஏதாவது நட்டுத் திங்கலாம், லயத்துல இருக்கிறவனுக்கு காம்பரா (லயத்து அறை) வாசல்ல நாலு அடி மண்ணு கூட சொந்தம் இல்ல. டவுன்ல நம்ம ஆளுங்க பிச்சை எடுத்தாங்க. வயசானவங்க, கைக்கொழந்தைங்க, லயத்துக்கு லயம் செத்தாங்க. எங்க வீட்லயும் ஒன்னு போச்சு. அப்பாவுக்கு அடுத்துப் பொறந்த பொம்பளப் புள்ள. எங்களுக்கு ஒரு அத்தை இருந்தாங்கன்னே அன்னைக்குத்தான் தெரியும், தங்கச்சி அந்த மரத்துல அவங்க பேரையும் எழுதுனா.

தாத்தா வித்தது போக மிச்சம் இருந்தது அந்தக் கொடம் மட்டும் தான். அடுத்தவங்க சாமான்னு அப்பாயி குடுக்க மாட்டேன்னு நின்னிருக்காங்க. புள்ள போன மறுநாள் அவங்களே எடுத்துக் குடுத்தாங்களாம். டவுன்ல ஒரு அடகுக்கடை. அதுல வாங்குன மா எத்தனை நாளைக்கு வந்துச்சுன்னு கேக்கத் தோணல எனக்கு.

இதுக்கு நடுவுல கோத்தகிரியில இருந்து கடுதாசி வந்துக்கிட்டே இருக்கு. அப்பாயிக்கு எழுதப் படிக்கத் தெரியாது, தாத்தா தான் வாசிப்பாரு, தாத்தா தான் பதில் எழுதுவாரு. கொடம் பத்திரமா இருக்குன்னு எழுதுனாரு. கொடம் கடையில வட்டி ஏறிக்கிட்டுக் கெடக்கு. வட்டிய மட்டும் கட்டிக் கட்டி முழுக விடாம வச்சிருந்தாங்க, மீட்டது ரெண்டு தீவாளி கழிச்சு, தோட்டத்துல குடுக்கிற தீவாளி அட்வான்ஸ் காச அப்புடியே கொண்டு போயி கட்டி. அந்த வருசம் புள்ளைங்களுக்கு புதுத் துணி இல்ல. புதுத் துணிக்குப் பதிலா வீட்டுக்கு ஒரு நசுங்கின கொடம் வருது, பெரியப்பாவுக்கு அப்ப ஒரு பதினாலு வயசு இருக்கும், கோவத்துல இது என்னத்துக்கு, யாரோடது, ஏன் நசுங்கியிருக்குன்னு கத்தியிருக்காரு. பெரியப்பா கொஞ்ச வருசம் கண்டியில சொந்தக்காரங்க வீட்ல இருந்து படிச்சவரு, அதனால லயத்துச் சங்கதி பாதி அவருக்குத் தெரியாது.

தாத்தா அன்னைக்கு ராத்திரி சொன்னது தான் கரடிக் கதை.

நடந்து வந்த கதையெல்லாம் தோட்டத்துப் பெருசுங்க கிட்ட அவர் கேட்டு வளந்தது, அதுல இருந்து ஒரு துண்ட வெட்டி அவங்க அம்மா இடுப்புல வச்சிட்டாரு. அப்பாயி ஏன் மறுத்துப் பேசலன்னு கேட்டேன். "ஒதைச்சது நான்னு புள்ளைங்க கிட்ட சொல்லவா? அதுவும் அடுத்தவ சாமான அடகு வச்சேன்னு சொல்லவா? கரடி நல்லாத்தான் இருந்துச்சு." ஆக தாத்தாவுக்கு ஒரு மறைப்பு, அப்பாயிக்கு ஒரு மறைப்பு, ரெண்டுக்கும் சேத்து ஒரே கரடி.

பெரியப்பாவுக்கு இது எதுவும் புடிக்கல. அம்மாவுக்கு வயசாயிருச்சு எல்லாத்தையும் போட்டுக் கொழப்புறாங்கன்னு சொல்லிட்டாரு, அப்பாயி எண்பத்தஞ்சு தாண்டியும் எங்க தோட்டத்துல எந்த வீட்ல எந்த மாசம் யாரு பொறந்தாங்கன்னு தப்பில்லாம சொல்ற ஆளு. அப்புறம் போன்ல என்கிட்ட, "பெருமையா ஒரு கதை இருக்கும்போது அடகுக் கதையவா எழுதப் போற"ன்னாரு. அவர் கோவம் எனக்குப் புரியுது. ஆனா யோசிச்சுப் பாருங்க, நடந்து வந்த கதைய மேடை போட்டு சொல்றோம், அதுல செத்தவங்கள நமக்கு மொகம் தெரியாது. 74ல செத்தவங்களோட அண்ணன் தம்பி இன்னும் நம்ம வீட்ல சோறு சாப்புட்டுக்கிட்டு இருக்காங்க, அதைப் பத்தி ஒரு வார்த்தை கெடையாது. எனக்கு கரடிய வெரட்டுன பூட்டியவிட, தீவாளிக் காச கொண்டு போயி அடுத்தவ கொடத்த மீட்டுட்டு வந்த அப்பாயி தான் பெரிய ஆளாத் தெரியிறாங்க. தங்கச்சி ரெண்டு கதையையும் எழுதி வச்சிருக்கா, எது யாரு சொன்னதுன்னு பேர் போட்டு. அது நல்ல முறைன்னு நெனைக்கிறேன்.

கடுதாசி 83 கலவரத்துக்குப் பெறகும் ஒன்னு ரெண்டு வந்திருக்கு, 84ல தலைமன்னார் கப்பலும் நின்னு போச்சு, அப்புறம் ஒரு தகவலும் இல்ல. பழைய கடுதாசி ஒன்னு கூட பொட்டியில இல்ல, கூரைத் தகரம் ஒழுகி நனைஞ்சதுல தூக்கிப் போட்டாச்சாம்.

அதனால கேக்கிறேன். கோத்தகிரி, குன்னூர், கூடலூர் பக்கம் இருந்து யாராவது இதைப் படிச்சா, ஒங்க வீட்ல பொகவந்தலாவ பக்கத்துத் தோட்டத்துல கீழ் லயத்துல இருந்து வந்தோம்னு சொல்ற பெரியவங்க இருந்தா, பூர்வீகம் துறையூர்னா, பித்தளைக் கொடம் ஒன்ன விட்டுட்டு வந்த பேச்சு காதுல விழுந்திருந்தா, எனக்கு ஒரு மெசேஜ் போடுங்க. ஒடுக்கு எந்தப் பக்கம் இருக்குன்னு நான் வேணும்னே இங்க சொல்லல, போட்டோவும் போடல, அதை நீங்க சொல்லணும். பெரியப்பா குடுக்கக் கூடாதுன்னு இப்பவே சொல்லிட்டாரு, அடுத்த வைகாசியில அவர் பேத்தி கல்யாணம் வேற வருது. அப்பாயி குடுத்துரலாம்னு தான் சொல்றாங்க. வந்து ஒரு வாரம் தங்கணுமாம், பீலி சண்டையில மொதல்ல கொடத்த நகத்துனது யாருன்னு ஒத்துக்கணுமாம், அதோட ரெண்டு வருசத்து வட்டிக் காசையும் கணக்குல சேக்கச் சொல்றாங்க.